யாருடையதைத் துறப்பது?

பசுமலையில் எங்கள் வீடு 3 சென்ட். அப்பா மில்லில் வேலை பார்த்து, சீட்டுப் போட்டு, கடன் வாங்கிக் கட்டியது. மொட்டைமாடியில் நின்றால் தெற்கே திருப்பரங்குன்றம் தெரியும். மேற்கே நாகமலையின் நீண்ட முதுகு. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். சட்டப்படி வீடு அம்மாவுக்கும் தம்பிக்கும் எனக்கும் சமபங்கு. ஆளுக்கு ஒரு சென்ட்.

சென்ற தை மாதம் தம்பி ஒரு விடுதலைப் பத்திரத்தின் நகலோடு வந்தான். பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். அம்மாவும் நானும் எங்கள் பங்குகளை அவனுக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் இருந்தது. "மாடி எடுக்கணும்க்கா. ஒரே பேர்ல இருந்தாத்தான் லோன் சுலபமாக் கிடைக்கும்" என்றான். பிறகு, "உனக்கென்னக்கா, காலேஜ் சம்பளம் வருது. நீயும் பொருள் மேல ஆசை இல்லாத ஆளு" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. நான் நகை போடுவதில்லை. ஐந்தாறு கைத்தறிச் சேலைகளை மாற்றி மாற்றிக் கட்டுகிறேன். படித்து முடித்த புத்தகங்களை மாணவிகளுக்குக் கொடுத்துவிடுவேன். குறைவாக வைத்துக்கொண்டு வாழ்வதைப் பற்றிக் கவிதைகூட எழுதியிருக்கிறேன். அந்தப் பாராட்டில் எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் உண்டு. என் கையில் பேனாவைக் கொடுத்தது அந்தப் பெருமிதம்தான். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தபோது கை நின்றது. "ரெண்டு நாள் கழிச்சுப் போடுறேன்டா" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரம் வகுப்பில் இதைப் பொதுவான கேள்வியாகக் கேட்டுப் பார்த்தேன். பொருள்களைக் குறைத்தால் வாழ்க்கை நன்றாக இருக்குமா? ஜப்பானைச் சேர்ந்த மாரி கோண்டோவின் புத்தகமும் நிகழ்ச்சியும் உலகம் முழுக்கப் பரவியதை மாணவிகள் அறிவார்கள். மகிழ்ச்சி தருவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடு என்பது அவர் வழி. நல்ல யோசனை என்று பலர் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மேடம், வீட்ல எனக்குன்னு இருக்கிறதே இந்த பேக் மட்டும்தான். பீரோ அண்ணனோடது, கட்டில் பாட்டியோடது. நான் எதைக் குறைக்கிறது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. துறவையும் எளிமையையும் பேசாத காலம் தமிழில் இல்லை. அந்தப் பேச்சில் பெண் எங்கே நின்றாள், அவளிடம் துறப்பதற்கு என்ன இருந்தது என்று மதுரையைச் சுற்றியே தேடத் தொடங்கினேன்.

*

எங்கள் மாடியிலிருந்து நாகமலை தெரியும் திசையில்தான் கீழக்குயில்குடி. அங்கே சமணர் மலை. மலையடியில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். அங்கே பாறை முகத்தில் வரிசையாகச் சமணத் திருமேனிகள். பார்சுவநாதர், மகாவீரர், உடலில் கொடி படர நிற்கும் பாகுபலி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள்.

அந்தத் திருமேனிகளுக்கு உடை இல்லை. திகம்பர நெறியில் உடையும் ஓர் உடைமை. உடுத்தியவர் அதைக் காக்க வேண்டும், துவைக்க வேண்டும், இழந்தால் வருந்த வேண்டும். பற்று அங்கேயே தொடங்குகிறது. எனவே முழுத் துறவு என்றால் ஆடையற்ற நிலைதான்.

இந்த வாதத்தின் அடுத்த படி பெண்ணைப் பற்றியது. பெண் ஆடையின்றி உலவ முடியாது. ஆகவே அவளால் முழுமையாகத் துறக்க முடியாது. ஆகவே பெண் உடலில் இருக்கும்வரை அவளுக்கு வீடுபேறு இல்லை; ஆணாகப் பிறந்து வர வேண்டும். திகம்பர மரபு இதைக் கொள்கையாகவே வைத்தது. சுவேதாம்பரர் இதை ஏற்கவில்லை. அவர்களுக்கு 19-ஆம் தீர்த்தங்கரரான மல்லி ஒரு பெண். 9-ஆம் நூற்றாண்டில் யாபனீயப் பிரிவைச் சேர்ந்த சாகடாயனர், பெண்ணும் வீடுபேறு அடைவாள் என்று வாதாடத் தனி நூலே எழுதினார். பேச்சிப்பள்ளத்தில் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான், ஒரு சேலை பெண்ணுக்கு வீடுபேற்றைத் தடுக்குமா என்று இந்த நாட்டின் அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆடையைப் பெண் ஏன் களைய முடியாது என்பதை அந்த வாதம் பெண்ணுடலின் இயல்பாகக் கண்டது. அவளை அச்சுறுத்தும் கண்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றவர்களின் பார்வையால் அவள்மேல் ஏறிய உடையை அவளுடைய பற்று என்று எழுதிவைத்தார்கள்.

அதே பேச்சிப்பள்ளத்தில் ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது. அச்சணந்தி பாண்டிய நாட்டின் பல மலைகளில் திருமேனிகள் செய்வித்த புகழ்பெற்ற துறவி. அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இது என்று அந்தக் கல்வெட்டு கூறுகிறது. மகன் எல்லாவற்றையும் துறந்தவர். தாய் பொருள் கொடுத்துக் கல்லில் உருவம் செய்விக்கிறார். அவர் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிற்பதற்குக் காரணம், கொடுப்பதற்கு அவரிடம் ஏதோ இருந்தது என்பதுதான்.

பெண்கள் துறக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் குரத்தியர் என்ற சமண ஆசிரியைகள் இருந்தார்கள். வந்தவாசிப் பக்கத்து வேடால் கல்வெட்டு, ஆதித்த சோழன் காலத்தது, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய 500 மாணாக்கியரையும் பேசுகிறது. வேறொரு கூட்டத்தோடு அவர்களுக்குப் பிணக்கு வந்தபோது, அவர்களைக் காத்துச் சோறிடுவதாக ஊரார் பொறுப்பேற்றார்கள். துறந்த பெண்களுக்கும் ஒரு பள்ளியும் வேளைக்குச் சோறும் உறுதியான காவலும் தேவைப்பட்டன. அதைக் கல்லில் எழுதி வாங்கும் அளவுக்கு அவர்கள் விவரமானவர்கள்.

*

மலையிலிருந்து ஊருக்குள் வருவோம். மேலமாசி வீதி 251-ஆம் எண் வீட்டு மாடி. 1921 செப்டம்பர் 22 காலையில் காந்தி அங்கிருந்து அரையாடையோடு இறங்கி வந்தார். குல்லாயும் மேற்சட்டையும் போயின. அந்நியத் துணியை எரிக்கச் சொன்னபோது, கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னார்கள். அப்படியானால் இருக்கும் சிறு துணியோடு நிறைவடையுங்கள் என்று சொல்வதற்கு முன், தானே அதை உடுத்திக்காட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். அக்டோபர் 31 வரையிலாவது என்று தொடங்கியது வாழ்நாள் முழுக்க நீடித்தது. அந்த உடையோடு அவர் முதலில் மக்கள்முன் தோன்றிய இடத்தை மதுரை இன்றும் காந்தி பொட்டல் என்கிறது. ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதி படிந்த துணி இருக்கிறது. பள்ளி நாள்களில் வரிசையில் நின்று பார்த்தபோது அழுதிருக்கிறேன். இப்போதும் அந்தக் கண்ணாடிப் பெட்டிமுன் மனம் தழுதழுக்கத்தான் செய்கிறது.

அந்த முடிவின் அறத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஏழைக்கு அறிவுரை சொல்வதைவிட ஏழையின் உடையை உடுத்துவது பெரிது. ஆனாலும் மேலமாசி வீதியில் அன்று கூடியிருந்த பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். துணியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற யோசனையை அவர்களிடம் சொல்ல முடியாது. ஆண் மேலாடையைக் களைந்தால் தியாகம். பெண்ணுக்கு அது அவமானம். திகம்பரர் வாதம் ஆயிரம் ஆண்டு தாண்டி மாசி வீதியிலும் நின்றுகொண்டிருந்தது.

காந்திக்கே இது தெரியும். 'சத்திய சோதனை'யில் அவரே எழுதிய ஒரு நிகழ்ச்சி, 1917-இல் சம்பாரணில் நடந்தது. பீதிஹர்வா பகுதிக் கிராமத்துப் பெண்கள் அழுக்குத் துணி உடுத்தியிருப்பதைப் பார்த்து, ஏன் துவைப்பதில்லை என்று கேட்கும்படி கஸ்தூர்பாவை அனுப்புகிறார். ஒரு பெண் கஸ்தூர்பாவைக் குடிசைக்குள் அழைத்துப்போய்க் காட்டுகிறாள். அங்கே பெட்டி இல்லை, அலமாரி இல்லை, வேறு துணியும் இல்லை. உடுத்தியிருக்கும் ஒன்றுதான் அவளிடமிருந்த சேலை. அதை அவிழ்த்துத் துவைத்தால் எதை உடுத்துவது? மகாத்மாவிடம் சொல்லி இன்னொன்று வாங்கித் தாருங்கள், தினம் குளித்துத் துவைத்துக் கட்டுகிறேன் என்கிறாள். குறைந்த உடைமையின் உச்சம் அந்தக் குடிசை. அவள் கேட்டது இரண்டாவது சேலை.

அதே நூலில் இன்னொரு அத்தியாயம். 1901. தென்னாப்பிரிக்காவிலிருந்து விடைபெறும்போது இந்தியர்கள் காந்தி குடும்பத்துக்குப் பொன்னும் வைரமுமாகப் பரிசு கொடுக்கிறார்கள். அவற்றுள் கஸ்தூர்பாவுக்கென்று 50 கினி மதிப்புள்ள ஒரு தங்க அட்டிகை. பொதுத்தொண்டுக்குக் கூலி வாங்கக் கூடாது என்று இரவெல்லாம் உலாவிக்கொண்டே யோசித்த காந்தி, அனைத்தையும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்க முடிவெடுக்கிறார். முதலில் பிள்ளைகளைச் சம்மதிக்க வைக்கிறார். பிறகு மனைவியிடம் வருகிறார்.

கஸ்தூர்பா எளிதில் விடவில்லை. எனக்கு வேண்டாம், வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாமா என்கிறார். உங்களைத் தெரியாதா, என் நகைகளை வாங்கிக்கொண்டவர்தானே என்கிறார். பையன்களைச் சாமியாராக்கப் பார்க்கிறீர்கள் என்கிறார். என் அட்டிகைமேல் உங்களுக்கு என்ன உரிமை என்று நேராகவே கேட்கிறார். அட்டிகை உன் தொண்டுக்காகக் கொடுத்ததா, என் தொண்டுக்காகக் கொடுத்ததா என்று காந்தி திருப்பிக் கேட்கிறார். அதற்குக் கஸ்தூர்பா, உங்கள் தொண்டு என் தொண்டும்தான், இராப்பகலாக உழைத்திருக்கிறேன், கண்டவர்களுக்கெல்லாம் என்னைப் பணிவிடை செய்ய வைத்தீர்களே, அது தொண்டில்லையா என்கிறார்.

வீட்டு உழைப்புக்குக் கூலி உண்டா என்ற பெண்ணிய விவாதம் மேற்கில் 1970களில் இயக்கமாக எழுந்தது. கஸ்தூர்பா அதை 1901-இல் தன் அட்டிகையை முன்வைத்துக் கேட்டுவிட்டார். அந்தச் சொற்கள் குத்தின என்று காந்தி ஒப்புக்கொள்கிறார். சம்மதத்தை எப்படியோ பெற்றுவிட்டதாக எழுதுகிறார். அந்த முடிவின் நன்மையைப் பின்னாளில் கஸ்தூர்பாவும் உணர்ந்தார் என்றும் எழுதுகிறார். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்வது காந்தி. கஸ்தூர்பா தன் வரலாற்றை எழுதவில்லை.

அந்த அறை காந்தியின் சோதனைக்கூடம். கஸ்தூர்பாவின் கழுத்திலிருந்து வந்த பொருள் காந்தியின் துறவுக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இதைப் படித்தபோதெல்லாம் கணவர் பக்கமே நின்று படித்திருக்கிறேன் என்பது, தம்பி கொடுத்த பேனா கையில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

*

பெண்ணுக்குக் குறைவான வாழ்க்கையைப் பழக்கிய முறை இன்னொன்று உண்டு. யாரும் அதை எளிமை என்று சொல்ல மாட்டார்கள்; கைம்மை என்பார்கள். பூதப்பாண்டியன் என்ற பாண்டிய மன்னனின் மனைவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்தபின் தீப்பாய்வதைத் தடுத்த சான்றோர்களிடம் அவர் சொன்னது புறநானூற்றில் 246-ஆம் பாட்டாக இருக்கிறது. அதில் கைம்பெண்ணின் ஒரு நாளை அவர் எண்ணிக்காட்டுகிறார். நெய் படாத சோற்றுப் பிடி, எள் துவையல், புளி விட்ட வேளைக்கீரை, பாய் இல்லாமல் பரல்கல் மேல் படுக்கை. அதைவிடத் தீ மேல் என்கிறார்.

வகுப்பில் அந்தப் பாட்டைக் கற்பு, உடன்கட்டை என்ற தலைப்புகளில்தான் பல ஆண்டு நடத்தினேன். இப்போது அதை ஓர் உடைமைப் பட்டியலாகப் படிக்கிறேன். அரண்மனையில் இருந்த ஒருத்திக்கு, கணவன் போன மறுநாள் ஒரு பாய்கூட மிஞ்சாது. அவளுக்கு இருந்ததெல்லாம் அவன் வழியாக இருந்தவை. துறவியும் நெய்யை விடுகிறார், பாயை விடுகிறார். அவர் விட்டதை ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. கைம்பெண்ணிடமிருந்து பறித்தவர்கள் அவள் எதிரே வந்தால் சகுனம் பார்த்தார்கள்.

இந்த மனநிலை சட்டத்துக்குள்ளும் வந்தது. 1937-இன் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அது வரையறுக்கப்பட்ட உரிமை. உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம். தன் விருப்பப்படி விற்க முடியாது. அவளுக்குப் பின் சொத்து கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். இப்படி வைத்திருந்த பெண்களை முழு உரிமையாளர்களாக்கியது 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14-ஆம் பிரிவு. என் அம்மா பிறந்தபோது அந்தப் பிரிவுக்கு வயது இரண்டு.

*

மதுரையில் உடைமை பற்றிப் பேசினால் சிலம்பைப் பேசாமல் முடியாது. கோவலன் குடும்பச் செல்வத்தைத் தொலைத்துவிட்டு வருகிறான். கண்ணகி கோபப்படவில்லை, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். கேட்டதும் கொடுக்கிற இந்தக் கண்ணகியைத்தான் நம் வீடுகளில் பெண் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். மதுரை வரை கூடவே நடந்து வருகிற கவுந்தியடிகள் ஒரு சமணத் துறவி என்பதும், பொன்னில்லாமல் தனித்துப் பயணம் செய்யும் ஆளுமையாகக் காவியத்தில் ஒரு பெண் இருக்கிறார் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை.

கோவலன் வெட்டுண்டபின் பூம்புகாரில் நடந்ததை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் சேரனுக்குச் சொல்கிறான். கோவலனின் தந்தை பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவிகளோடு சேர்கிறார். கோவலனின் தாய் துயரத்தில் இறக்கிறாள். கண்ணகியின் தந்தை தானம் செய்துவிட்டு ஆசீவகர்களிடம் போய்த் துறவு பூணுகிறார். கண்ணகியின் தாயும் இறக்கிறாள். இரண்டு வீடுகளிலும் ஒரே கணக்கு. அப்பாக்களுக்குத் துறவு, அம்மாக்களுக்குச் சாவு. கொடுத்து முடித்தபின் போய்ச்சேர அப்பாக்களுக்கு ஒரு மடம் இருந்தது. தானம் கொடுக்கப்பட்ட செல்வத்தில் அம்மாக்களுடையது எவ்வளவு என்று மாடலனும் சொல்லவில்லை, சேரனும் கேட்கவில்லை. மாதவியும் மணிமேகலையும் துறவு பூண்டது உண்மை. ஆனால் மணிமேகலை வெறுங்கையோடு நிற்கவில்லை. மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்குக் கொடுத்த அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. ஊருக்குச் சோறு போட ஒரு பாத்திரமாவது வேண்டும் என்று காவியம் நினைத்தது.

பாண்டியன் அவையில் கண்ணகி நின்ற காட்சிக்கு வருகிறேன். வீட்டில் கேட்டதும் கொடுத்தவள், அங்கே சிலம்பு தன்னுடையது என்கிறாள். உள்ளே என்ன பரல் என்று சொல்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டுகிறாள். ஓர் உடைமையாளர் மட்டுமே சொல்லக்கூடிய விவரம் அது. காவியம் இதைக் கற்பின் வெற்றி என்கிறது. எனக்கு இது ஒரு பெண் தன் பொருளுக்கு உரிமை நிறுவிய வழக்காகவும் தெரிகிறது. கணவனுடைய நேர்மையை மீட்க அவளிடம் இருந்த ஒரே சான்று, அந்தப் பொருள் அவளுடையது என்பதுதான்.

*

தானாகக் கழற்றிக் கொடுத்த பெண்களும் உண்டு. 1934 ஜனவரியில் மலபாரின் வடகரையில் கௌமுதி என்ற 16 வயதுப் பெண், மேடையில் காந்தியிடம் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். பிறகு சங்கிலியை, பிறகு காதணிகளை. பெற்றோர் சம்மதமா, மறுபடி நகை கேட்பாயா என்று காந்தி கேட்டார். மாட்டேன் என்றாள். அவளைப் பற்றி 'ஹரிஜன்' இதழில் எழுதினார். தமிழ்நாட்டிலும் பெண்கள் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். நிலமோ ரொக்கமோ அவர்கள் பேரில் இல்லாததால், தங்களுடையது என்று கொடுக்க உடம்பில் இருந்த பொன் மட்டுமே இருந்தது.

மதுரையில் எனக்கு நெருக்கமான முகம் கே.பி. ஜானகியம்மாளுடையது. 1917-இல் பிறந்து 1992-இல் மறைந்தவர். நாடக மேடையில் பாடி நடித்துச் சம்பாதித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறை சென்றார். கம்யூனிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்து, நகைகளையும் சொத்தையும் அதற்கே கொடுத்தார். 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டியவர்களுள் ஒருவர். கடைசிவரை எளிமையாகவே வாழ்ந்தார்.

பொருளைக் குறைத்தால் வாழ்க்கை சிறக்குமா என்று ஜானகியம்மாளைக் கேட்டால் ஆம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் கொடுத்தது அவர் தொண்டையும் கால்களும் சம்பாதித்தது. எதற்குக் கொடுக்கிறோம் என்று முடிவெடுத்தவரும் அவரே. கொடுத்தபின் வீட்டுக்குள் ஒடுங்கவில்லை. ஊருக்கு நடுவே நின்றார். கஸ்தூர்பாவின் அட்டிகைக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை.

*

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வர்ஜீனியா வுல்ஃப், பெண் எழுத வேண்டுமானால் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று வாதிட்ட நூலை வெளியிட்டார். செங்கல்பட்டில் பேசியவர்களுக்கும் வுல்ஃபுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக 60 ஆண்டு ஆயிற்று. 1989-இல் தமிழ்நாடு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பிறப்புரிமை கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமான மகள்களை விட்டுவிட்டது. 2005-இல் இந்தியா முழுமைக்கும் வந்த திருத்தம் அந்த விலக்கைப் போக்கியது. அப்பா தானே சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போனதில் மகளுக்கும் மனைவிக்கும் சமபங்கு 1956 முதலே உண்டு. எங்கள் 3 சென்ட் அந்த வகை.

சட்டம் கொடுத்ததைத் திருப்பி வாங்கும் காகிதத்துக்கு நம் ஊரில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று நான் யோசித்ததுண்டு. சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, அண்ணன் தம்பி உறவு வேண்டுமா, வீடு வேண்டுமா என்ற கேள்விக்குப் பதிலாக எத்தனையோ பெண்கள் சார்பதிவாளர் அலுவலகங்களில் கையெழுத்திடுகிறார்கள். பங்கு கேட்கும் பெண் பேராசைக்காரி. எழுதிக்கொடுப்பவள் தங்கமான பெண். நான் தங்கமான பெண்ணாக இருக்க விரும்பினேன். அதற்குக் கவிதையிலிருந்தே நியாயம் எடுத்தேன்.

இன்றைக்கும் எனக்குக் குறைவான பொருளோடு வாழத்தான் பிடிக்கும். அடைசல் இல்லாத அறையில் எனக்கு எழுத்து வருகிறது. ஆனால் அந்த அறையின் வாடகையை என் சம்பளம் கொடுக்கிறது. சாவி என் பையில் இருக்கிறது. அந்தச் சாவி இருக்கும் துணிச்சலில்தான் நான் எளிமையைப் பாடினேன். அம்மாவுக்கு அப்படியொரு சாவி இல்லை. அவளுக்குப் பீரோ சாவி ஒன்று மட்டும் உண்டு. அது எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். அந்தப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டால் எனக்கு ஒரு சென்ட் குறையும், அவ்வளவுதான். அம்மா போட்டால் அவள் தன் வீட்டிலேயே பிள்ளையை அண்டியிருப்பவள் ஆகிவிடுவாள். அவன் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். மாடி கட்டுவதற்கு நானும் அம்மாவும் சேர்ந்து கடனில் கையெழுத்துப் போடுகிறோம், பங்கு எழுதித் தர முடியாது என்றேன். அவன் முகம் சுருங்கியது. "ஆசை இல்லாத ஆளுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ஒரு வாரம் பேசவில்லை. இப்போது பேசுகிறான், பத்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அம்மா அன்று திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு எதுக்குத்தா பங்கு? ஒரு கட்டிலும் பீரோவும் போதும். அவன் கோவிச்சுக்கிருவான்ல" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டும் நேரத்தில் பரங்குன்றத்து விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது அவளே கேட்டாள்.

"ஒரு சென்ட்னா எவ்வளவுத்தா?"

"நானூத்தி முப்பத்தஞ்சு சதுர அடிம்மா."

அவள் எழுந்து வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போனாள். அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"அடுப்படியும் இந்த முருங்கை மரமும் அதுக்குள்ள வந்துருமா?"